சிங்க் அடிக்குழாய் அரித்துப்போகாமல் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சிங்க்கின் மேல்பக்கத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறோம். அதன் அடியில் இருக்கும் வேஸ்ட் குழாயை மட்டும், ஒழுகத் தொடங்கும் வரை பெரும்பாலானவர்கள் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. ஒழுகும்போது பார்த்தால் உலோகம் உள்ளுக்குள் எப்போதோ தேய்ந்து முடிந்திருக்கும், அலமாரிப் பலகையும் ஊறி உப்பியிருக்கும்.

ஓடிப்போகும் தண்ணீர் ஒரு நல்ல குழாயை அவ்வளவு சீக்கிரம் அரிப்பதில்லை. எது தங்குகிறதோ அதுதான் அரிக்கிறது. டிராப்பின் (சிங்க்கின் கீழே எப்போதும் தண்ணீர் நிற்கும் வளைவு) அடியில் படியும் சேறு, நட்டின் மரைக்குள் ஊறி நிற்கும் ஈரம், ராத்திரி ஊற்றிக் காலைவரை விட்டுவைக்கும் பிளீச், மூடி சரியாக மூடாமல் சிங்க்கின் கீழ் வைத்திருக்கும் ஆசிட் பாட்டில் ஆகிய நான்கும்தான் முக்கியக் காரணங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இவற்றில் ஏதோ ஒன்றை அங்கே தங்கவிடாமல் செய்வதற்குத்தான்.

படி 1: எந்தப் பாகம் எந்த உலோகம் என்று பாருங்கள்

ஒரு டார்ச்சும் சின்ன காந்தமும் போதும். சிங்க்கின் ஓட்டையில் ஜாலியோடு உட்கார்ந்திருப்பது வேஸ்ட் கப்ளிங். அதிலிருந்து ஒரு நேர்குழாய் இறங்கும். அடுத்து, வளைந்த பி-டிராப் அல்லது குப்பி போன்ற பாட்டில் டிராப். அங்கிருந்து ஒரு கைக்குழாய் சுவருக்குள் போகும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நட், அதற்குள் ஒரு வாஷர்.

பளபளப்பாக இருப்பதெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நினைத்துவிட வேண்டாம். பல வீடுகளில் அது குரோம் பூசிய பித்தளையாகவோ, குரோம் பூசிய சாதாரண இரும்பாகவோ இருக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் இரும்பு. மலிவான சில ஸ்டெயின்லெஸ் வகைகளும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் இதை முதல் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பித்தளை, துத்தநாகக் கலவை, காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் மூன்றில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஊசியால் லேசாகக் கீறுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகக் கலவை. நட்டுகளைத் தனியாகச் சோதியுங்கள். குழாய் பித்தளையாக இருந்தாலும் நட்டைத் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசி விற்பது சாதாரணம்.

குரோம் பூச்சின் தடிமன் பொதுவாக 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. உண்மையில் காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல் பூச்சு. அதுவும் வெளிப்பக்கத்துக்குத்தான். குழாயின் உட்புறம் பெரும்பாலும் வெறும் உலோகம். அதனால் வெளியே எவ்வளவு மின்னினாலும் உள்ளே என்ன நிலைமை என்பது அதிலிருந்து தெரியாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் தரம் உண்டு. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்வதால் உப்பையும் குளோரினையும் இன்னும் நன்றாகத் தாங்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அது உப்பு ஈரத்தில் சீக்கிரம் புள்ளி விடும்.

படி 2: நிறத்தை வைத்து நோயைக் கண்டுபிடியுங்கள்

பச்சை அல்லது நீலப்பச்சைக் களிம்பு தெரிந்தால் பித்தளையிலிருந்தோ செம்பிலிருந்தோ ஈரம் கசிகிறது. களிம்பு எந்த இடத்தில் தடித்திருக்கிறதோ அதற்குச் சற்று மேலேதான் கசிவு இருக்கும். வெள்ளைப் பொடி என்றால் துத்தநாகம் அரிக்கிறது. உப்புத்தண்ணீர்ப் படிவும் வெள்ளைதான், ஆனால் அது கெட்டியாக அடுக்கடுக்காகப் படியும். துத்தநாகப் பொடி மிருதுவாக உதிரும், துடைத்தால் அடியில் உலோகம் குழிகுழியாக இருக்கும். செம்பழுப்பு என்றால் இரும்புத் துரு. ஸ்டெயின்லெஸ் பாகத்தில் குண்டூசித் தலையளவு கறுப்புப் புள்ளிகள் வந்திருந்தால் உப்பிலும் பிளீச்சிலும் இருக்கும் குளோரைடு வேலை செய்திருக்கிறது. அந்தப் புள்ளி மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகத் தோண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் கவலைப்படுவது பித்தளையில் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டுக்கு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பித்தளையில், தேங்கிய நீரும் குளோரைடும் சேர்ந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிவிடும். மிச்சம் நிற்பது நுண்துளைகள் நிறைந்த செம்பு. குழாயின் வடிவமும் அளவும் அப்படியே இருப்பதால் ஒன்றும் ஆகவில்லை போலத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தினால் உள்ளே இறங்கும். இந்தத் திட்டைப் பார்த்துவிட்டால் அந்தப் பாகத்தைத் தேய்த்து, பூசி, காப்பாற்றப் பார்க்காதீர்கள். மாற்றுவது ஒன்றுதான் வழி.

படி 3: அரிப்பு எங்கே தொடங்குகிறது?

முதல் இடம் டிராப்பின் உட்பக்க அடி. சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்க டிராப்பில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தடுப்பாக நிற்கும் அந்தத் தண்ணீர் குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும்படிதான் வழக்கமாக அமைக்கிறார்கள். தண்ணீர் நின்றால் எண்ணெய்ப் பசை, சோப்புக் கசடு, உணவுத் துகள் எல்லாம் அடியில் இறங்கிச் சேறாகும். சேற்றுக்கு அடியில் இருக்கும் உலோகத்துக்கு ஆக்சிஜன் குறைவாகவும், பக்கத்தில் இருக்கும் சுத்தமான உலோகத்துக்கு அதிகமாகவும் கிடைக்கும். இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலத்தை உண்டாக்கி, சேற்றுக்கு அடியில் இருக்கும் பகுதியைக் கரைக்கும். பழைய உலோக டிராப்புகள் அடிவளைவிலேயே ஓட்டையாவதற்கு இதுதான் காரணம்.

காற்று இல்லாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது பித்தளையைக் கறுக்கவைக்கும். நீர்மட்டத்துக்கு மேலே ஈரமாக இருக்கும் குழாய்ச் சுவரில் வேறு வகை பாக்டீரியா இதே வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றும். பழைய வார்ப்பிரும்புக் கழிவுக்குழாய்கள் தண்ணீரே படாத மேல்பகுதியில் அரித்திருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். அந்த அமிலத்தின் வேலைதான் அது.

இரண்டாவது இடம் இணைப்புகள். வேறு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் பலவீனமானது கரையும். துத்தநாகமும் பித்தளையும் சேர்ந்தால் துத்தநாகம் போகும். ஜி.ஐ. குழாயும் பித்தளையும் சேர்ந்தால் முதலில் ஜி.ஐ. மேல் உள்ள துத்தநாகப் பூச்சு, அப்புறம் இரும்பு. பெரிய பித்தளைக் குழாயில் ஒரு சின்ன துத்தநாக நட்டை மாட்டினால் முழுச் சுமையும் அந்தச் சின்ன நட்டின் மேல் விழும், அதனால் அது இன்னும் வேகமாகப் போகும். கொஞ்ச காலத்தில் கையால் தொட்டதும் நட் துண்டாக உடைந்து வருவது இப்படித்தான்.

மூன்றாவது, பலர் யோசிக்காத ஓர் இடம்: குழாயின் வெளிப்பக்கம். மூடிய அலமாரிக்குள் பிளீச், கழிப்பறை ஆசிட், அடைப்பு நீக்கும் மருந்து எல்லாவற்றையும் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும் கழிப்பறை ஆசிட் பாட்டிலின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் அதன் ஆவி அலமாரி முழுக்கப் பரவி, குழாயின் மேல் இருக்கும் ஈரத்தில் கரைந்து, மறுபடி அமிலமாகிவிடும். சிங்க்கின் அடிப்பக்கம், கீல், ஆணி, நட் எல்லாம் ஒரே சமயத்தில் துருப்பிடித்திருந்தால் குழாயைச் சந்தேகிக்கும் முன் பாட்டில்களைப் பாருங்கள்.

படி 4: கசிவுச் சோதனை

அலமாரியை முழுக்கக் காலி செய்யுங்கள். குழாய்களைத் துணியால் காயத் துடையுங்கள். சிங்க் ஓட்டையை அடைத்து விளிம்புவரை நீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். மெதுவாக ஒழுகும் தண்ணீரில் தெரியாத கசிவு, குழாய் நிரம்பி ஓடும்போது வெளியே வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு நட்டையும் சுற்றித் தடவுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரிந்துவிடும்.

வாஷ் பேசினாக இருந்தால் ஓவர்ஃப்ளோ துளை வரைக்கும் தண்ணீர் ஏற்றிப் பாருங்கள். அந்தப் பாதையும் கப்ளிங்கில்தான் வந்து சேர்கிறது. அங்கே கசிந்தால் வேறு எப்போதும் தெரியாது.

பிறகு டிராப்பின் அடிவளைவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உலோகம் நெளிந்தால் உள்ளே காகிதம் போல மெலிந்துவிட்டது என்று பொருள். கீழே ஒரு வாளி வைத்துக்கொண்டு அழுத்துவது நல்லது, அங்கேயே உடைந்துவிடவும் கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்தால் போதும்.

படி 5: கழற்றுவது

கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சமீபத்தில் அடைப்பு மருந்து ஊற்றியிருந்தால் டிராப்பில் இன்னும் அது நிற்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளிய பிறகுதான் தொட வேண்டும். அடைப்பினால் தண்ணீரே இறங்கவில்லை, உள்ளே மருந்து நிற்கிறது என்றால் நீங்களே திறக்காதீர்கள். பிளம்பரைக் கூப்பிட்டு, என்ன மருந்து ஊற்றினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1. டிராப்பின் கீழே வாளியை வையுங்கள். இருக்கும் அமைப்பை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது உதவும்.
2. டிராப்பின் இரு நட்டுகளையும் முதலில் கையால் திருகிப் பாருங்கள். வரவில்லை என்றால் துணியைச் சுற்றி, வாய் அகலமான பிளையரால் மெதுவாகத் திருப்புங்கள். பல்லுள்ள பைப் ரெஞ்ச் பூச்சைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் துரு தொடங்கும்.
3. இறுகிப்போயிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள்.
4. அதற்கும் அசையாத நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஹாக்ஸா பிளேடால் நட்டைக் குறுக்காக அறுத்து எடுத்துவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் மேலே கப்ளிங்கும் சுவருக்குள் இருக்கும் குழாயும் சேர்ந்து திருகிக்கொள்ளும். சுவருக்குள் இணைப்பு விட்டுப்போனால் செலவு பல மடங்கு.
5. கழற்றியதும், சுவரிலிருந்து வரும் குழாயின் வாயில் ஒரு துணியைத் திணித்துவிடுங்கள். சாக்கடை வாயு உள்ளே வராது, வாஷரும் உள்ளே விழாது.

படி 6: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

சேற்றைக் கழுவி, குப்பி கழுவும் பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்த்து, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். நிறம் மட்டும் மங்கியிருந்தால் கவலை இல்லை. மேலோட்டமான களிம்பு வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போகும். சில நிமிடங்களில் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள். பித்தளையை அமிலத்தில் ஊறவைத்துவிட்டு மறந்துபோவது நாமே துத்தநாகத்தைக் கரைப்பதற்குச் சமம்.

குழி, இளஞ்சிவப்புத் திட்டு, மயிரிழை விரிசல், மரை தேய்ந்த நட் இவற்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். எபாக்சி பசை, டேப் சுற்றுவது எல்லாம் பிளம்பர் வரும் வரைக்கும்தான். ஓட்டை விழும் அளவுக்கு மெலிந்த குழாயில் ஓட்டையை மட்டும் அடைத்தால், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று விழும். வாஷர்களை, நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், கழற்றிய ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

படி 7: புதிதாக எதை வாங்குவது?

குழாய் அலமாரிக்குள் மறைந்திருக்கும் என்றால் என் பரிந்துரை பாலிப்ரொப்பிலீன் டிராப். அரிப்பு என்ற பேச்சே இல்லை, சூடான நீரையும் நன்றாகத் தாங்கும். பி.வி.சி.யும் அரிக்காது, ஆனால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். கொதிக்கும் நீரை வடிக்கும் சமையலறை சிங்க்கில் அதன் இணைப்புகள் நாளடைவில் நெளிந்து கசியும்.

வெளியே தெரியும் வாஷ் பேசினுக்கு உலோகம்தான் வேண்டும் என்றால், தடிமனான பித்தளைக் குழாயும் பித்தளை நட்டும் கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தாலே கனம் தெரியும். துத்தநாகம் கரையாதபடி சிறிதளவு ஆர்செனிக் சேர்த்த பித்தளை வகையும் உண்டு, கிடைத்தால் அதை எடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் 304க்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

மடிப்பு மடிப்பாக நீளும் நெளிகுழாயை நான் யாருக்கும் சொல்வதில்லை. மாட்டுவது சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு மடிப்பும் சேறு தங்க ஒரு பள்ளம். உலோகத்தில் செய்த நெளிகுழாய் இன்னும் மோசம், ஏற்கெனவே மெல்லிய தகடு அந்தப் பள்ளங்களிலேயே ஓட்டையாகும்.

சுவருக்குள் ஜி.ஐ. அல்லது வார்ப்பிரும்பு இருந்து, வெளியே பித்தளை வரப்போகிறது என்றால் இரண்டும் நேராகத் தொடாதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டோ ரப்பர் இணைப்போ வையுங்கள்.

படி 8: மாட்டும்போது

வாஷரின் கூம்பான பக்கம் நட்டைப் பார்க்காமல், குழாய் நுழையும் பாகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த வகை இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், மரை இல்லை. அதனால் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை. சுற்றினால் நட் சரியாக இறங்காமல் போகலாம். உலோக மரையில் மட்டும் மெல்லிய அளவில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். மரைக்குள் ஈரம் ஏறாது, அடுத்த முறை கழற்றவும் சுலபம். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பர் வாஷரை உப்பவைத்துவிடும்.

கையால் இறுக்கிவிட்டு அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். அளவுக்கு மீறி இறுக்கிய பித்தளை நட் எப்போதும் இழுவிசையில் இருக்கும். அம்மோனியா கலந்த கிளீனர் அதன் மேல் படும்போது திடீரென்று விரிசல் விடும். அரிப்பு எதுவும் கண்ணில் படாமலே நட் பிளந்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

கப்ளிங்கை சிங்க்கில் பதிக்க சிலிக்கான் பயன்படுத்தினால் 'நியூட்ரல் க்யூர்' என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பித்தளைக்கும் துத்தநாகத்துக்கும் அது ஆகாது.

கைக்குழாய் சுவரை நோக்கி ஒரு மீட்டருக்கு சுமார் 20 மில்லிமீட்டர் சரிய வேண்டும். சரிவு இல்லாவிட்டால் குழாயிலும் தண்ணீர் தேங்கி, டிராப்பின் அடியில் நடப்பது அங்கேயும் நடக்கும். எல்லாம் முடிந்ததும் நான்காம் படியின் காகிதச் சோதனையை மறுபடி செய்துவிடுங்கள்.

படி 9: எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது

அடைப்பு வந்தவுடன் மருந்து தேடும் பழக்கம்தான் குழாய்களுக்கு முதல் எதிரி. காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது கடுமையாகச் சூடாகும், துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் கரைக்கும். அமில வகை மருந்துகள் பித்தளை, இரும்பு இரண்டையும் தின்னும். அடைப்பு விலகாவிட்டால் அந்த மருந்து அப்படியே டிராப்பில் நிற்கும். முதலில் ரப்பர் பம்பால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் டிராப்பைக் கழற்றிக் கழுவுங்கள். அதற்கும் அப்பால் அடைப்பு என்றால் சுருள் கம்பி விடுங்கள். பெரும்பாலான அடைப்புகள் டிராப்பிலேயே தீர்ந்துவிடும்.

பிளீச் ஊற்றினால் சில நிமிடங்களில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டுவைப்பது 304 ஸ்டெயின்லெஸ்ஸைக்கூடப் புள்ளி விடவைக்கும். பிளீச்சோடு ஆசிட்டை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். அம்மோனியாவோடு சேர்த்தாலும் நச்சு வாயுதான். குழாய் போனால் மாற்றிக்கொள்ளலாம், நுரையீரலை அப்படி மாற்ற முடியாது.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து நுரைக்கவிடும் முறையைப் பலரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால், நுரை அடங்கியதும் மிச்சம் இருப்பது ஒரு வகை உப்பு கரைந்த தண்ணீர்தான். பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரங்களில் உள்ள எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஜாலியில் துகள்களைப் பிடியுங்கள். வேலை முடிந்ததும் அரை நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரை வேகமாக ஓடவிடுங்கள். சேறு சேரும் வேகம் பாதியாகக் குறைந்தாலே டிராப்பின் ஆயுள் நீளும்.

தண்ணீர் சுத்திகரிப்பானின் கழிவுநீர்க் குழாயை சிங்க்கில் விட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். அந்தத் தண்ணீரில் உப்பு செறிவாக இருக்கும். சொட்டுச் சொட்டாக ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் கப்ளிங்கின் அந்தப் பக்கம் மட்டும் முதலில் போகும். இரும்பு நார் ஸ்க்ரப்பரை ஜாலியின் மேல் ஈரமாக வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம். அதன் துகள் ஒட்டித் துருப்பிடித்து, நல்ல ஸ்டெயின்லெஸ்ஸிலும் அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

படி 10: அலமாரிக்குள் காற்று

ஆசிட், பிளீச் பாட்டில்களை சிங்க்கின் கீழிருந்து எடுத்து, குழந்தைகளுக்கு எட்டாத, காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் வையுங்கள். இந்த வழிகாட்டியில் இன்றே செய்யக்கூடிய, காசு செலவில்லாத வேலை இதுதான், பலன் அதிகமாகத் தருவதும் இதுதான். நனைந்த துணி, ஸ்பாஞ்ச் எதையும் குழாய் மேல் தொங்கவிடாதீர்கள். வாரத்தில் ஒருநாள் அலமாரிக் கதவைச் சில மணி நேரம் திறந்துவையுங்கள். கதவில் சின்ன துளைகளோ ஜாலியோ இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டைப் பல வாரங்கள் பூட்டிப் போவதாக இருந்தால், டிராப்பைக் கழுவிச் சுத்தமான தண்ணீர் நிரப்பிவிட்டுப் போங்கள். மேலே ஒரு கரண்டி மினரல் ஆயில் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. டிராப் காய்ந்துவிட்டால் சாக்கடையின் ஹைட்ரஜன் சல்பைடு நேராக மேலே வந்து, சிங்க், தண்ணீர் டேப், பக்கத்தில் இருக்கும் மின் இணைப்புகளின் செம்பு வரை கறுக்கவைக்கும்.

இவ்வளவு செய்தும் சுவரில் குழாய் நுழையும் இடத்தில் துருத் தண்ணீர் வடிந்தாலோ, சுவர்ப்பூச்சு உப்பி உதிர்ந்தாலோ, வெளியே எதை மாற்றினாலும் நிற்காது. உள்ளே இருக்கும் ஜி.ஐ. அல்லது வார்ப்பிரும்புக் குழாய் போய்விட்டது. அங்கே பிளம்பரைக் கூப்பிட்டு, அந்தத் துண்டை மட்டும் ஒட்டுப்போடாமல், செங்குத்துக் குழாயில் சேரும் இடம் வரை மாற்றச் சொல்லுங்கள்.